கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை தடவை?

ஒரு மனுஷனைப் பார்த்து ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்கலாம். ‘முப்பத்துநாலு வயசாச்சே, இன்னுமா கல்யாணம் ஆகலை?’ என்று கேட்கலாம். எங்கள் தேவதானப்பட்டியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் இந்த ரெண்டையும் கேட்டுவிடுவார்கள். ஆனால், ‘காலையிலிருந்து எத்தனை தடவை வெளிக்குப் போனீங்க?’ என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை.

என்னைக் கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மதுரையில், டோக்கன் கொடுத்து உட்கார வைத்து, ஃபீஸும் வாங்கிக்கொண்டு கேட்பார்கள்.

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெயரைக் கேட்டால் ஏதோ இத்தாலி நாட்டுப் பலகாரம் மாதிரி இருக்கும். பெருங்குடலின் உள்சுவர் வீங்கி, புண்ணாகி, ரத்தம் கசிகிற வியாதி. உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்து அடிக்கிற வாட்ச்மேன் மாதிரி, சொந்தக் குடலையே தாக்குகிறது. ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை. மிளகாய் தின்றதால் வந்ததும் இல்லை. கொஞ்ச காலம் அடங்கியிருக்கும், கொஞ்ச காலம் ஆடும். மருந்தால் அடக்கி வைக்கலாம். அடியோடு போகாது.

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால், இது ஒரு கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் பாலன்ஸ் ஷீட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பாக எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

* * *

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. அப்போது தேனியில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் அக்கவுன்டன்ட். முதல் தடவை ரத்தத்தைப் பார்த்தபோது எல்லாரையும் போல நானும் ‘மூலம்’ என்று தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அம்மா துத்தி இலையை வதக்கிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அத்தை கருணைக்கிழங்கு என்றார். ஆபீஸ் மேனேஜர், ‘சூடுய்யா, எண்ணெய் தேய்ச்சுக் குளி’ என்றார். ஆறு மாதம் இலை, கிழங்கு, எண்ணெய் என்று ஓடியது. எடை பதினோரு கிலோ குறைந்தது. கடைசியில் மதுரையில் கொலனாஸ்கோபி செய்துதான் விஷயம் தெரிந்தது.

(ஒரு சின்ன விண்ணப்பம். ரெண்டு மூன்று வாரமாக ரத்தம் போகிறது, வயிறு நிற்கவில்லை, எடை குறைகிறது என்றால், தயவுசெய்து நீங்களே மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வெட்கப்பட்டு நான் தொலைத்தது ஆறு மாதம். நீங்கள் ஆறு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

வியாதியை விடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. பஸ்.

தேவதானப்பட்டியிலிருந்து பெரியகுளம், லட்சுமிபுரம் வழியாகத் தேனி. நல்ல மனிதனுக்கு அது ஜன்னலோர மாந்தோப்புப் பயணம். எனக்கு அது கழிவறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. எந்த டீக்கடைக்குப் பின்னால் கதவு உண்டு, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, எங்கே தண்ணீர் உண்டு என்று ஒரு மேப்பே மனசில் இருந்தது. பெட்ரோல் பங்குகளில் பொதுமக்களுக்கு இலவசமாகக் கழிவறை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதை, வண்டியே இல்லாத நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். 2022 மே மாதம் தேனிக்கு மறுபடி ரயில் வந்தபோது எல்லாரும் மதுரைக்குச் சீக்கிரம் போகலாமே என்று சந்தோஷப்பட்டார்கள். நான் சந்தோஷப்பட்ட காரணம் வேறு. ரயிலில் டாய்லெட் உண்டு! அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அந்தத் தண்டவாளம் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகப் போகிறது. எங்கள் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆபீஸில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். ‘மிஸ்டர் ரெண்டு நிமிஷம்.’ யார் கூப்பிட்டாலும், ‘ரெண்டு நிமிஷம் சார், வந்துடறேன்’ என்று நான் ஓடுவதால். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். அடிக்கடி காணாமல் போவார். மீட்டிங்கில் கதவோரமாகவே உட்காருவார். டூர் என்றால் நழுவுவார். செல்போனை நோண்டத்தான் போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கிண்டல் செய்வதற்கு முன் ரெண்டு நிமிஷம் யோசியுங்கள்.

ரெண்டு வருஷம் தாக்குப்பிடித்தேன். ஒருநாள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கண்டக்டர் முறைத்து, அத்தனை பேரும் எட்டிப் பார்க்க, ஓடைப் பக்கம் ஓடினேன். அன்றைக்கே ராஜினாமா. ‘சொந்தமாத் தொழில் பண்ணப் போறேன் சார்’ என்று சொன்னேன். வீட்டிலேயே உட்கார்ந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போடுகிறேன், இப்படிப் பத்திரிகைக்கும் எழுதுகிறேன். ‘துணிச்சலான பையன்’ என்று ஊரில் பேர்.

* * *

எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மஞ்சளாற்றங்கரை. அங்கே கருவறைக் கதவு திறப்பதே கிடையாது. சாத்திய கதவுக்குத்தான் பூஜை. உள்ளே என்ன என்று யாரும் கேட்பதில்லை, அது பக்தி. அந்த மரியாதை எங்கள் ஊர்க்காரர்கள் ரத்தத்திலேயே ஊறியது போலிருக்கிறது. ஒருத்தன் தானாகச் சாத்திக்கொண்டால் சம்பளம், கல்யாணத்தோடு விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் தட்ட மாட்டார்கள். கோயிலில் அது சரி. என் விஷயத்தில் அந்த மரியாதையே வினையாகிவிட்டது. எட்டு வருஷமாக என்னை யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர்கள் கேட்டார்கள். ஆனால் வெகுகாலம் அவர்களும் எண்ணிக்கையைத்தான் கேட்டார்கள். 1955-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்ற ரெண்டு டாக்டர்கள் இந்த நோய்க்கு கார்ட்டிசோன் மருந்தைச் சோதித்தபோது, நோயின் கடுமையை அளக்க ஒரு கணக்குப் போட்டார்கள். ரத்தத்தோடு ஒரு நாளைக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் போகிறதா, காய்ச்சல் எவ்வளவு, நாடித்துடிப்பு தொண்ணூறைத் தாண்டுகிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று. நல்ல கணக்கு. இன்றைக்கும் பயன்படுகிறது. உயிரைக் காப்பாற்ற அது வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் பஸ் இல்லை, மேனேஜர் இல்லை, பட்டப்பெயர் இல்லை.

அதையும் அளக்கலாம் என்று கிளம்பியவர்கள் கனடாக்காரர்கள். ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கையாட் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 1989-ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். குடல் அழற்சிக்காரர்களிடமே ‘இந்த வியாதியால் உங்களுக்கு என்னென்ன தொல்லை?’ என்று விசாரித்துச் சேர்த்த கேள்விகள். மொத்தம் முப்பத்திரெண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு மார்க். ஏழு என்றால் தொல்லையே இல்லை. ஆகக் குறைந்தது 32, முழு மார்க் 224. வயிற்றைப் பற்றிப் பத்துக் கேள்வி. அசதி, தூக்கம் மாதிரி பொதுவான உடம்புத் தொல்லைக்கு ஐந்து. வேலை, வெளியே போவது, நாலு பேரோடு பழகுவதற்கு ஐந்து. மனசுக்கு? பன்னிரெண்டு! வயிற்று வியாதிக்கான கேள்வித்தாளில் வயிற்றை விட மனசுக்குக் கேள்வி அதிகம். முதல் தடவை இதைக் கேள்விப்பட்டபோது அந்தக் கனடாக்காரரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

உலக சுகாதார நிறுவனமும் 1990-களில் வியாதி எதுவானாலும் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. பல நாட்டு ஊர்களில் ஒரே சமயத்தில் வேலை நடந்தது. அதில் நம் மெட்ராஸும் ஒன்று. அதன் சுருக்கமான பதிப்பில் இருபத்தாறு கேள்விகள். தமிழிலும் உண்டு. வாழ்க்கைத் தரம் என்றால் டாக்டர் பார்த்துச் சொல்வதல்ல. தான் வாழ்கிற பண்பாட்டுக்குள், தன் ஆசைகளையும் எதிர்பார்ப்புகளையும் வைத்து, ஒருத்தன் தன் வாழ்க்கையைத் தானே எப்படிப் பார்க்கிறான் என்பதுதான் என்கிறார்கள்.

‘தானே பார்ப்பது.’ அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

* * *

போன வருஷம், வியாதி வந்து எட்டு வருஷம் ஆகிவிட்டதே என்று மறுபடி கொலனாஸ்கோபி. (நாள்பட்ட கொலைட்டிஸில் குடல் புற்றுநோய்க்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. அதனால் எட்டு வருஷம் வாக்கில் கண்காணிப்பை ஆரம்பிப்பது வழக்கம்.) ரிசல்ட் நன்றாக இருந்தது. ரத்த டெஸ்ட்டும் நன்றாக இருந்தது. டாக்டர் மேடம், ‘குடல் கண்ணாடி மாதிரி இருக்கு. வெளியில தம்பிகிட்ட ஒரு ஃபாரம் ஃபில்லப் பண்ணிட்டு வாங்க’ என்றார்.

தம்பி என்றால், மேல்படிப்புப் படிக்கிற ஒரு டாக்டர் பையன். அந்தக் கனடா ஃபாரம்தான். இங்கிலீஷில் பார்த்து, தமிழில் கேட்டான்.

‘கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை தடவை உங்களுக்கு எரிச்சலா, கோவமா இருந்துச்சு சார்?’

‘டோக்கன் நம்பர் கூப்பிடற வரைக்கும் ஒரு தடவை.’

சிரித்துக்கொண்டே ஆறு போட்டான்.

‘கடந்த ரெண்டு வாரத்துல வேலைக்குப் போக முடியாம இருந்துச்சா?’

‘வீட்டுலதான் வேலை. இல்லை.’ ஏழு.

‘போறதா இருந்த விசேஷம் எதையாவது வயித்துக்காகத் தள்ளிப் போட்டீங்களா, கேன்சல் பண்ணீங்களா?’

‘இல்லை.’ ஏழு.

‘வெளியில டாய்லெட் கிடைக்காதோன்னு பயம்?’

‘இல்லை.’ ஏழு.

‘பக்கத்துல டாய்லெட் இல்லாத இடங்களைத் தவிர்த்தீங்களா?’

‘தவிர்க்கறதுக்கு எதுவும் வரலையேப்பா.’ அதற்கும் ஏழு.

கூட்டிப் பார்த்தால் 198! 170-ஐத் தாண்டினாலே நோய் அடங்கியிருக்கிறது என்று பல ஆராய்ச்சிகளில் எடுத்துக்கொள்கிறார்கள். பி.காமில் எந்த பேப்பரிலும் நான் இந்த சதவீதம் வாங்கியதில்லை. தாளை ஆட்டிக்கொண்டே உள்ளே போனேன்.

மேடம் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

‘ரொம்ப நல்ல ஸ்கோர். மதுரைக்கு எதுல வந்தீங்க?’

‘கார்ல மேடம். ஊர்லயே வாடகைக்கு எடுத்து.’

‘பஸ்ல வரலையா?’

‘இல்லைங்க.’

‘காலையில சாப்பிட்டீங்களா?’

‘நேத்து மத்தியானத்துலேர்ந்து எதுவும் சாப்பிடலை மேடம். வழியில எதுக்கு வம்புன்னு...’

‘கடைசியா எந்தக் கல்யாணத்துக்குப் போனீங்க?’

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நாலு வருஷம்? ஐந்து வருஷம்? பெண் பார்க்கக்கூடப் போவதில்லை. போனால் பஜ்ஜி சாப்பிட வேண்டுமே!

‘நீங்க எதையும் கேன்சல் பண்ணலை. ஏன்னா எதையும் ஒத்துக்கவே இல்லை. சரியா?’

அந்த நிமிஷம் என் கணக்குப் படிப்பு முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. கடையைப் பூட்டி வைத்தவனுக்கு வாராக்கடன் கிடையாது. நஷ்டமும் கிடையாது. லெட்ஜர் பளிச்சென்று இருக்கும். அதை லாபம் என்று சொல்கிறவன் அக்கவுன்டன்டா?

‘ஃபாரம் மேல தப்பில்ல. நாள்பட்ட வியாதிக்காரங்க நிறைய பேருக்கு இப்படி ஆகும்’ என்றார் மேடம். இதற்கு ‘ரெஸ்பான்ஸ் ஷிஃப்ட்’ என்று பெயராம். தராசு சரியாகத்தான் இருக்கும். படிக்கல்லை நாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே வருவோம். கடைசியில் கால் கிலோ வாழ்க்கையை வைத்தாலும் முள் நேராக நிற்கும்.

‘குடல் ஆறினா வேலை முடிஞ்சுதுன்னு நாங்களும் இப்ப சொல்றதில்லை. 2021-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்லயே, நோயாளிக்கு வாழ்க்கைத் தரம் திரும்பி வர்றதும் சிகிச்சையோட இலக்குன்னு சேர்த்துட்டாங்க. உங்க குடல் ஆறிடுச்சு. பயம் ஆறலை. அடுத்த தடவை வரும்போது ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வந்திருக்கணும். பஸ்ல. வீட்டுல யாராவது ஒருத்தர்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கணும்.’

மருந்துச் சீட்டில் மெசலமைன் மாத்திரைக்குக் கீழே, ‘பஸ், ஒரு தடவை’ என்று எழுதியே கொடுத்துவிட்டார். மெடிக்கல் ஷாப்காரர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

* * *

விசேஷம் ஒன்று காத்திருந்தது. என் தங்கச்சியின் ரெண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து. சின்னமனூர் தாண்டி, வாய்க்கால் கரையில் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில். சுற்றிலும் வாழைத் தோட்டம்.

காதுகுத்து என்றால் எங்கள் பக்கம் தாய்மாமன்தான் ராஜா. சீர்த்தட்டு அவனுடையது, கம்மல் அவனுடையது. குழந்தையை அவன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். குத்தி முடிக்கிற வரை எழுந்திருக்கக் கூடாது. ‘ரெண்டு நிமிஷம், வந்துடறேன்’ எல்லாம் அங்கே செல்லாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மூத்தவளுக்குக் காதுகுத்து நடந்தபோது நான் போகவில்லை. ‘இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கடைசி நாள்மா’ என்று சொல்லிவிட்டு, ஜிபேயில் பத்தாயிரத்து ஒன்று அனுப்பினேன். ஆல்பத்தில் குழந்தை உட்கார்ந்திருப்பது எங்கள் பெரியப்பா மகன் மடியில். அதற்கப்புறம் தங்கச்சி என்னோடு பேசுவது, ‘அம்மாகிட்ட போனைக் குடுங்க’ என்பதோடு சரி. இது அந்த 198 மார்க்கில் எங்கேயும் இல்லை. கேள்வி, கடந்த ரெண்டு வாரத்தைப் பற்றித்தானே?

மதுரையிலிருந்து வந்த அன்று ராத்திரி போன் போட்டேன். எடுத்ததும், ‘இந்தா, அம்மாவுக்கா?’ என்றாள்.

‘இல்லைம்மா. உன்கிட்டதான்.’

சொன்னேன். ரத்தம், பஸ், ஓடை, ராஜினாமா, எல்லாவற்றையும். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

‘ஏண்ணே, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, கோயிலுக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுல சாவி வாங்கி வச்சிருப்பேன்ல? உனக்கு நாங்க கசந்து போயிட்டோம்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்...’

ஒரு சாவி. மூன்று வருஷமாக எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

* * *

போனேன். பஸ்ஸில். அம்மாவும் நானும். பெரியகுளம் வருவதற்குள் ரெண்டு தடவை வியர்த்தது. தேனியில் இறங்கி, அவசியமே இல்லாமல் ஒரு தடவை போய்விட்டு வந்தேன். சின்னமனூர் பஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை. கோயில் வாசலில் தங்கச்சி முதல் காரியமாக என் சட்டைப் பையில் ஒரு சாவியைப் போட்டாள். மாப்பிள்ளை, ‘வாங்க மச்சான், அந்தா அந்த ஓட்டு வீடு. தண்ணி ரொப்பி வச்சிருக்கு’ என்று காதோடு சொன்னார். வேறு யாருக்கும் தெரியாது.

பந்தலில் உட்கார்ந்தேன். மருமகளை மடியில் வைத்தார்கள். ஒரு வயசு, பட்டுப்பாவாடை, மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி கம்பியை எடுத்தார். என் வயிறு ஒரு தடவை உருண்டது. சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சுற்றி முந்நூறு பேர். ‘தாய்மாமன் நல்லாப் புடிச்சுக்கங்க’ என்றார் ஆசாரி. முதல் காது. குழந்தை வீறிட்டது. ரெண்டாவது காது.

மடியில் சூடாக ஈரம்!

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு விநாடி என் உயிர் நின்றுவிட்டது. போச்சு, முந்நூறு பேர் முன்னால்... என்று குனிந்து பார்த்தேன்.

நான் இல்லை. மருமகள்.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும்தான் புரிந்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. குழந்தை அழ, அண்ணனும் தங்கச்சியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க, ‘என்ன இதுக, புள்ளை அழுகுது, சிரிக்குதுக?’ என்று ஒரு கிழவி திட்டியது. வேட்டி மாற்றிக்கொள்ள அந்தச் சாவிதான் உதவியது.

கறிச்சோறு சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். ரசம் சோறு. பந்தியில் உட்கார்ந்து.

பத்தாவது நாள் மதுரை. அதே தம்பி, அதே ஃபாரம்.

‘கடந்த ரெண்டு வாரத்துல டாய்லெட் கிடைக்காதோன்னு பயம் இருந்துச்சா சார்?’

‘இருந்துச்சு. நிறைய.’

‘டென்ஷன்?’

‘ஏகப்பட்டது.’

கூட்டினான். 181. பதினேழு மார்க் குறைவு. பையன் முகத்தில் கவலை. ‘மேடம், ஸ்கோர் இறங்கியிருக்கு’ என்று தாளை நீட்டினான்.

மேடம் தாளைப் பார்த்தார். ‘எதுல வந்தீங்க?’ என்றார்.

‘பஸ்ல.’

பேனாவை எடுத்து என் ஃபைலில் ஒரு வார்த்தை எழுதினார். தலைகீழாக இருந்தாலும் படித்துவிட்டேன்.

‘இம்ப்ரூவ்டு.’